தோப்பும் காவலும் தோழமையும்

நன்றிக்கு உவமை தேடினாலும் நாயைச் சொல்வதும், இழிவுக்கு உவமை தேடினாலும் அதே நாயைச் சொல்வதும் தமிழில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கு. மணிவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இடமெல்லாம் நாயோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். நாலடியாரோ நட்பு ஆராயும் பகுதியில் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, யானை போன்றவரின் நட்பை விட நாய் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என்று தீர்ப்பளிக்கிறது. சீவக சிந்தாமணியில் வேள்விச் சோற்றைத் தொட்டுவிட்டதற்காக அடிபட்டு உயிர்விடும் நாய் ஒன்று, சீவகன் காதில் ஓதிய மந்திரத்தால் தேவனாகிப் பின்னர் அவனுக்கே துணை நிற்கிறது. அடித்தவர்களும் மனிதர்கள், அருகில் அமர்ந்து ஓதியவனும் மனிதன். ஓர் உயிரைச் சுற்றி இருவகை மனிதர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

அரபு இலக்கியத்திலும் இந்த இரட்டை வழக்கைக் காண்கிறோம். ஒருவனை ஏசும்போது நாய் என்பார்கள். அதே அரபிகள் ஒரு வள்ளலைப் புகழ விரும்பினால் அவருடைய நாய் கோழை என்பார்கள். விருந்தினர் வந்தவண்ணம் இருப்பதால், அந்நியரைக் கண்டு குரைக்கும் பழக்கத்தையே அந்த நாய் மறந்துவிட்டதாம்! மதரஸாவில் பலாகா பாடத்தில் கினாயா என்னும் மறைமுகக் கூற்றைக் கற்பிக்கும்போது மாணவர் முகத்தில் சிரிப்பை வரவழைக்கும் எடுத்துக்காட்டு இது. பாலையில் இரவில் வழிதவறியவன் தானே நாயைப்போல் குரைப்பான். தொலைவில் உள்ள கூடாரத்து நாய்கள் பதிலுக்குக் குரைக்கும். அந்த ஓசையைப் பற்றிக்கொண்டு அவன் மனிதர் இருக்கும் இடத்தை அடைவான். அவனுக்கு முஸ்தன்பிஹ் என்று ஒரு தனிப்பெயரே அம்மொழியில் உண்டு. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் தமது கிதாபுல் ஹயவானில் நாயின் பக்கம் ஒருவரும் சேவலின் பக்கம் ஒருவரும் நின்று வழக்காடுவதாக நெடும்பகுதி ஒன்றை எழுதிவைத்தார். ஹிஜ்ரி 309இல் மறைந்த இப்னுல் மர்ஸுபான், ஆடை உடுத்தவர்களில் பலரைவிட நாய்கள் மேலானவை என்னும் பொருள்படத் தலைப்பிட்டே ஒரு சிறுநூல் இயற்றினார். ஹயாத்துல் ஹயவான் எழுதிய தமீரியோ ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர். இமாம் நவவியின் மின்ஹாஜுக்கு உரை கண்டவர். நாயைப் பற்றி எழுதுவது தம் கல்விக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை.

ஆனால் நம் வீடுகளில் நிலைமை வேறு. நாய் என்றவுடன் உம்மாமார் சேலையை ஒதுக்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் கல்லைத் தேடுவார்கள். காரணம் கேட்டால், "நஜீஸ்" என்னும் ஒரே சொல் விடையாக வரும். மார்க்கச் சட்டத்தைச் சிறிதும் தளர்த்தாத ஒருவர் ஒரு நாயோடு தோழமை கொள்ள இயலுமா? இயலும் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகள் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டவர் வேறு யாருமல்லர், என் தாய்மாமா.

மாமா கொழும்பில் முப்பது ஆண்டுகள் வணிகம் செய்து, 1983ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின் ஊர் திரும்பியவர். கையில் மிஞ்சியதைக் கொண்டு ஊருக்கு வெளியே, இராமநாதபுரத்துக் கடற்கரை மணலில், எழுபது தென்னை நிற்கும் ஒரு தோப்பை வாங்கினார். 1996இல் மாமி மௌத்தானார்கள். மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தார். மகள்மார் புகுந்த வீடுகளில் இருந்தார்கள். அதன்பின் தோப்பே அவருக்கு உலகமாயிற்று. ஸுபுஹ் தொழுதுவிட்டுப் போனால் மஃரிபுக்குத்தான் ஊருக்குள் வருவார். லுஹரும் அஸரும் அங்கேயே, கீற்றுக் கொட்டகையில் விரித்த ஓலைப்பாயில்.

1998இல் தோப்பில் திருட்டு மிகுந்தது. ஒரே இரவில் நாலு மரத்துக் குலைகள் காணாமற்போயின. அப்போது அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வந்திருந்த கீதாரி ஒருவர், தம் மந்தைக்குக் காவலிருந்த நாயின் குட்டிகளில் ஒன்றை மாமாவிடம் கொடுத்தார். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் தென்னாட்டு நாய்களுக்குப் பேரும் புகழும் உண்டு. 2005இல் அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வெளியிட்டது. கீதாரி தந்த குட்டிக்கு அப்படிப்பட்ட குலப்பெருமை எதுவும் இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு சாதாரண நாட்டு நாய். மாட்டுக்குச் சொல்வதுபோல "செவலை" என்று கூப்பிட்டார். அதுவே அதன் பெயராயிற்று.

அவர்களுடைய அன்றாட வாழ்வுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தோப்புக்கும் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். விடியற்காலையில் செவலை அந்த வாய்க்கால் வரை வந்து நிற்கும், மாமாவின் செருப்போசை கேட்டதும் வாலை ஆட்டும், முன்னே ஓடும், பிறகு நின்று திரும்பிப் பார்க்கும். மாலையில் அதே வாய்க்கால் வரை வந்து வழியனுப்பும். அதைத் தாண்டி ஊருக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. யாரும் அதை அடித்துப் பழக்கவில்லை. "இதுக்கு மேலே உனக்கு வேலை இல்லைடா" என்று அவர் தினமும் சொல்வார், அது கேட்டுக்கொண்டது.

மாமாவுக்குத் தோப்பில் இரண்டு உடை. பச்சைக் கட்டம் போட்ட பழைய கைலி ஒன்று, வேலைக்கு. வெள்ளைக் கைலியும் சட்டையும் தொழுகைக்கு. அவை கொட்டகையின் உட்கூரையில் ஒரு கொடியில் தொங்கும். பச்சைக் கைலியில் இருக்கும்போது செவலை வந்து அவர் முழங்காலில் உரசும், காலடியில் படுக்கும், அவர் கீற்று முடைகையில் ஓலை நுனியைக் கடித்து இழுத்து விளையாடும். வெள்ளையை உடுத்திவிட்டாரானால் பத்தடிக்கு அப்பால், பூவரசு நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். தொழுது, ஓதி, மீண்டும் பச்சைக் கைலிக்கு மாறும்வரை அங்கிருந்து அசையாது. "நம்மாளுகள்ல சிலபேருக்குத் தெரியாத அதபு இதுக்குத் தெரியுது, மருமகனே" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு கலயத்தில் சலித்த மண் எப்போதும் இருக்கும். நாயின் எச்சிலோ, ஈரமாய் இருக்கையில் அதன் உடம்போ பட்டுவிட்டால், பட்ட இடத்தை ஏழு முறை கழுவுவார்; அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். விரல் மடக்கி எண்ணிக்கொண்டே கழுவுவார். அதில் அலுப்பையோ அருவருப்பையோ நான் கண்டதில்லை. மருத்துவர் ஒருவர் நோயாளியைத் தொட்டபின் கை கழுவுவதுபோல அது நடக்கும். செவலைக்கென்று தனியாக ஒரு மண்சட்டி. மகள் வீட்டிலிருந்து வரும் பகல் சோற்றில் ஒரு பங்கும் மீன் தலையும் அதற்கு. அவர் முதல் கவளத்தை வாயில் வைக்குமுன் அதன் சட்டியில் சோறு விழுந்திருக்கும். "அது வாய்விட்டுக் கேக்காதே, அதனாலே அதுக்குத்தான் முதல்லே" என்பது அவர் சொல்லும் காரணம்.

இரவுக் காவல் செவலையுடையது. அது வந்த பிறகு தோப்பில் ஒரு குலைகூடக் களவு போகவில்லை. ஆயினும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஹாஜியார் நாயோடு குடித்தனம் நடத்துகிறார்" என்று திண்ணைப் பேச்சு எழுந்தது. மாமா அதற்கு மறுமொழி சொன்னதில்லை. பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் வெள்ளை வெளேரென்ற உடையில் நிற்கும் அவரைப் பார்த்தபின், சொன்னவர்களும் மேலே பேச நாணினார்கள்.

இவ்விடத்தில் சட்டத்தைச் சற்று விரித்துச் சொல்வது தேவை. நாய் முழுவதும் அசுத்தம், ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஹனபிகளிடத்தில் அதன் எச்சில் அசுத்தம். ஆனால் அதன் உடல் அடிப்படையில் அசுத்தமன்று என்பதே வலுவான கருத்து. மாலிகிகளோ நாய் தூய்மையானதே, நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது இறைக்கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கமே என்கிறார்கள். வேட்டை நாய் கவ்விப் பிடித்ததை உண்ணலாம் என்று மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் அனுமதிக்கையில், அதன் வாய் பட்ட இடத்தைக் கழுவச் சொல்லவில்லை என்பது அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்துபோகும். அதற்காக யாரும் நீர் தெளித்ததில்லை என்னும் இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. உலர்ந்த பொருள் உலர்ந்த பொருளோடு பட்டால் அசுத்தம் பரவாது என்பதோ எல்லா மத்ஹபுகளுக்கும் பொது. நாம் ஷாபிஈகளாயின் நம் சட்டப்படி நடப்போம். ஆனால் பிற இமாம்களின் கருத்தையும் அறிந்திருந்தால், நாயைத் தொட்ட ஒருவரை மார்க்கத்தை விட்டே போனவராக எண்ணும் குறுகிய பார்வை நமக்கு வராது.

வளர்ப்பதைப் பற்றியும் நபிமொழி தெளிவாக இருக்கிறது. ஆட்டு மந்தைக்கோ, வேட்டைக்கோ, விளைநிலத்துக்கோ அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்பது அதன் கருத்து. இரண்டு கீராத் என்றும் அறிவிப்பு உண்டு. வீட்டையும் தெருவையும் காக்க வளர்க்கலாமா என்பதில் இருவேறு கருத்துகளை எடுத்துக்காட்டிய இமாம் நவவி, மேற்சொன்ன மூன்றையும் ஒப்பிட்டு, வளர்க்கலாம் என்பதே சரியானது என்று முடிவுகட்டுகிறார். தோப்புக் காவலுக்கென்று மாமா செவலையை வளர்த்தது, நபிமொழியின் சொல்லுக்குள்ளேயே அடங்கியது. அதனால் அவர் மனம் பத்தாண்டுகள் அமைதியாக இருந்தது.

2008இல் அந்த அமைதி குலைந்தது. கிணற்று நீர் உவர்ப்பாகி ஆண்டுக்கு ஆண்டு மரங்கள் பட்டுப்போக, எழுபதில் இருபதே மிஞ்சின. மிஞ்சியவற்றையும் குத்தகைக்கு விட்டார். குத்தகைக்காரர் தம் காவலாளை வைத்துக்கொண்டார். செவலைக்கோ வயது பத்தாகி, பின்னங்கால் ஒன்று வலுவிழந்திருந்தது, கண்ணில் வெண்படலம். இரவில் யாரேனும் வந்தாலும் எழுந்து குரைக்கும் நிலையில் அது இல்லை. அந்த ஆண்டு விடுமுறையில் வந்த மகன், "வாப்பா, இனித் தோப்புக்குப் போக வேண்டாம். நாயை எங்கேயாவது தூரத்துச் சந்தையிலே விட்டுட்டு வரச் சொல்றேன். நீங்க வீட்டோட இருங்க" என்று சொன்னார். மகனைக் குறை கூறுவதற்கில்லை. எழுபத்தாறு வயதுத் தந்தை மீதுள்ள கவலையில் சொன்னார்.

அன்று இஷாவுக்குப் பின் மாமா என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக உம்மாவைப் பார்த்து நலம் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசுவார். அன்று நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"மருமகனே, ஒரு மஸ்அலா கேக்கணும். தாய்மாமன்னு பாக்காதே. ஆலிமாயிருந்து சொல்லு."

"கேளுங்க மாமா."

"காவலுக்குன்னு வச்சிருந்தேன். இப்போ காவலும் இல்லை, காக்க ஒண்ணும் இல்லை. அதைப் பாத்தா எனக்கு மனசு ஆறுது, அதனாலே வச்சிருக்கேன். அப்போ தினம் என் கணக்கிலே ஒரு கீராத் குறையுதா? அப்படிக் குறைஞ்சா இந்த வயசிலே எனக்குக் கட்டாது. விட்டுடுன்னு சொன்னா நாளைக்கே விட்டுடறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. மனைவி மௌத்தானபோதும் நான் அவர் கண்ணீரைக் கண்டதில்லை. அன்றும் காணவில்லை. ஆனால் அவர் கைகள் மடியில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. "தனியாய்த் தோப்பில் இருக்கும் முதியவருக்கு அது துணைதானே, அதுவும் ஒரு காவல்தானே" என்று நான் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அது சாக்கு, மருமகனே. அதுக்குக் கண்ணே தெரியலை. சாக்கு எனக்கு வேண்டாம், சட்டம் சொல்லு" என்றார். ஒரு நாள் தவணை கேட்டு அனுப்பிவைத்தேன்.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். ஷாபிஈ சட்ட நூல்களில் தயம்மும் பாடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவரிடம் வுளூவுக்கு மட்டுமே நீர் இருக்க, பக்கத்தில் உயிர் மதிப்புடைய பிராணி ஒன்று தாகத்தால் தவித்தால், நீரை அதற்குக் கொடுத்துவிட்டு அவர் மண்ணால் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். கடித்துக் குதறும் வெறி நாய் இதில் அடங்காது; தீங்கு செய்யாத நாய் அடங்கும். எந்த நாயின் எச்சிலைக் கழுவ ஏழு முறை நீர் வேண்டும் என்று அதே மத்ஹபு சொல்கிறதோ, அந்த நாயின் தாகத்துக்குத் தொழுகைக்கான நீரையே ஈயச் சொல்கிறது!

பிறகு, நான் தேடியதே கிடைத்தது. ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் அவர்கள், கவாயிதுல் அஹ்காம் என்னும் நூலில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் முதலாவது, அதற்கு வேண்டிய உணவை அளிப்பது. அது முதுமையாலோ நோயாலோ இனி எப்பயனும் தராத நிலையை அடைந்துவிட்டாலும் அளிப்பது. சக்திக்கு மீறிச் சுமை ஏற்றாமை, அதற்குத் தீங்கு செய்யும் பிராணியோடு சேர்த்து அடைக்காமை, அதன் குட்டிகளை அதன் கண்முன் அறுக்காமை முதலியவை அடுத்து வருகின்றன. மனிதர்களின் முதுமைக்கே பாதுகாப்புத் தேடி உலகம் பின்னாளில் சட்டங்கள் இயற்றியது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சட்ட அறிஞர், உழைத்து ஓய்ந்த பிராணிக்கு ஓய்வூதியம் எழுதிவைத்திருக்கிறார் அன்றோ!

மறுநாள் தோப்புக்கே போனேன். பச்சைக் கைலியில் உட்கார்ந்திருந்தார். செவலை அவர் பாதத்தில் தலை வைத்துக் கிடந்தது. சொன்னேன்: "மாமா, இன்பத்துக்காகப் புதிதாய் ஒரு நாயை வாங்கி வளர்ப்பது வேறு. அனுமதிக்கப்பட்ட வேலைக்கு வைத்து, பத்தாண்டு உழைப்பை வாங்கிக்கொண்டு, அது கிழடான பின் அதற்குச் சோறு போடுவது வேறு. இது உங்கள் மீது அதற்குள்ள ஹக்கு. கண் தெரியாத பிராணியைச் சந்தையில் கொண்டுபோய் விடுவது அதைக் கொல்வதுதான். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதி நமக்குத் தெரியும். நிய்யத்தைச் சரியாக்கிக்கொள்ளுங்கள். மனது ஆறுவது அல்லாஹ் கூடுதலாய்த் தருவது."

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வணிகருக்கே உரிய முறையில் சொன்னார்: "அப்போ இது கடன். இருக்கிறவரைக்கும் அடைக்கணும். அடைஞ்சதும் கணக்கை மூடிடணும்." மகனிடமும் அதையே சொல்லியிருக்கிறார். மகனும் ஒப்புக்கொண்டு, கொட்டகைக்குப் புதுக்கீற்று வேய்ந்து கொடுத்துவிட்டுத்தான் வளைகுடாவுக்குப் புறப்பட்டார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் கண்டது தலைகீழான காட்சி. காவல் காத்த நாயை முதியவர் காத்தார். வாய்க்கால் வரை அதனால் வர இயலவில்லை. ஆகவே அவர் கொட்டகைக்குப் போகும் வழியில் வாய்க்காலருகே நின்று ஒரு குரல் கொடுப்பார். உள்ளிருந்து முனகல் ஓசை ஒன்று கேட்கும். அது கேட்டபின்தான் அவர் நடை விரையும். மீனில் முள் நீக்கிப் பிசைந்து வைப்பார். மழை நாளில் சாக்கை மடித்துப் போடுவார். ஈரத்தில் பட்ட கையை ஏழு முறை கழுவுவதிலும் ஒரு முறைகூடக் குறைத்ததில்லை. 2010இல் ஒரு காலை அவர் குரலுக்கு மறுகுரல் வரவில்லை. தாமே குழி தோண்டிப் பூவரசடியில் புதைத்துவிட்டு, குளித்து, வெள்ளை உடுத்தி, லுஹருக்கு ஊர்ப் பள்ளிவாசலுக்கு வந்து முதல் ஸஃப்பில் நின்றார்.

கீதாரிகள் மறு ஆண்டும் கிடை போட வந்தபோது, இன்னொரு குட்டி தருவதாகச் சொன்னார்கள். மாமா அதை வாங்கித் தலையைத் தடவிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "காவல் இருந்துச்சு, வளத்தேன். கடன் இருந்துச்சு, வச்சிருந்தேன். இப்போ ரெண்டும் இல்லையே மருமகனே. என் தனிமைக்காக வளக்க எனக்கு அனுமதி இல்லை" என்றார். செவலையை விட்டுவிடச் சட்டம் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்; வைத்திருக்கச் சொன்னதால் வைத்திருந்தார்; இன்னொன்று வேண்டாம் என்று சட்டம் சொல்வதாக அவர் உணர்ந்தபோது, அருகில் வந்த ஆறுதலையும் கைநீட்டித் திருப்பித் தந்தார். 2013இல் மாமா மௌத்தானார்கள். அன்பும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் ஒரே நெஞ்சில் வாழும் என்பதை எந்தக் கிதாபிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மதரஸாப் பிள்ளைகள் சிலர் தெரு நாயைக் கல்லால் அடித்ததைக் கண்டு காரணம் கேட்டேன். "அது நஜீஸ், ஹஸ்ரத்" என்றார்கள். "உன் உடம்பில் ஓடும் இரத்தம் வெளியே வந்தால் என்ன?" என்றேன். "நஜீஸ்" என்றார்கள். "அதற்காக உன் இரத்தத்தை நீ வெறுக்கிறாயா?" பிள்ளைகள் விழித்தார்கள். நஜீஸ் என்பது தொழுகைக்கு முன் எதைக் கழுவ வேண்டும் என்று சொல்லும் சட்டச் சொல். எதை வெறுக்க வேண்டும் என்று சொல்லும் சொல் அன்று. கழுவச் சொன்ன மார்க்கம் கல்லெறியச் சொல்லவில்லை.

அப்பிள்ளைகளுக்கு நான் சொன்னவற்றை வாசகர்களுக்கும் நினைவூட்டுகிறேன். தாகித்த நாய்க்குத் தம் காலுறையில் நீர் முகந்து வாயால் கவ்விக் கிணறேறி வந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. மக்காவை நோக்கி ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு படை நடந்தபோது, வழியில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாய் ஒன்றைப் படையினர் தொந்தரவு செய்யாதிருக்கத் தோழர் ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காவல் நிறுத்தியதாக வாகிதி எழுதுகிறார். ஒரு நாயின் பேறுகாலத்துக்காகப் படை ஒதுங்கி நடந்தது! வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்பு அத்தியாயத்தில் குகைவாசிகளின் நாய் நான்கு இடங்களில் குறிக்கப்படுகிறது. குகை வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த அதன் கிடக்கைகூடச் சொல்லப்படுகிறது. தன் இச்சையைப் பின்பற்றி இழிந்தவனுக்கு நாக்கைத் தொங்கவிடும் நாயை அதே குர்ஆன் உவமை காட்டுகிறது என்பதும் உண்மைதான். அங்கே பழிக்கப்படுபவன் அறிவைப் பெற்றும் அதை உதறிய மனிதன், நாய் அன்று. கற்பிக்கப்பட்ட நாய் பிடித்தது ஆகுமானது, கற்பிக்கப்படாதது பிடித்தது ஆகாது என்னும் சட்டத்தைக் கொண்டு, கல்வியின் சிறப்புக்குச் சான்று காட்டினார் இப்னுல் கய்யிம். கல்வி நாயையே உயர்த்துமாயின், கற்ற மனிதன் கையில் கல் இருக்கலாமா?

தெரு நாய்களால் தொல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் கடிபடுகிறார்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் தடுக்கலாம். கடிபட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் சவுக்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாமல், ஓதிப் பார்த்துக் காலம் கடத்தாமல், அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லும் நாள்களிலெல்லாம் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். லூயி பாஸ்டர் 1885இல் பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இந்த மருத்துவத்தைச் செய்தார். நம் குன்னூரில் 1907 முதலே அதற்கென ஒரு நிலையம் இயங்கி வந்திருக்கிறது. நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் விதிகள் 2001இலும் 2023இலும் நாட்டில் இயற்றப்பட்டன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெரு நாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு முதலில் ஆணையிட்டு, பதினொரு நாளில் அதைத் திருத்தி, வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைத் தடுப்பூசியிட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நீதிபதிகளே இருமுறை எண்ணிப் பார்த்த காரியத்தில், நஞ்சு கலந்த சோற்றை இரவில் தெருவில் வைப்பவர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஊராட்சியிடம் ஊசி கேட்டு மனுப் போடும் ஜமாஅத்து, குழந்தையையும் காக்கும், நாயையும் காக்கும்.

நாய்களும் உங்களைப் போன்ற சமுதாயங்களுள் ஒரு சமுதாயமே என்னும் கருத்து நபிமொழியிலும் வந்திருக்கிறது. பறவைகளையும் விலங்குகளையும் குறித்துக் குர்ஆனிலும் வந்திருக்கிறது. அந்தச் சமுதாயத்தோடு நாம் எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்துக்குள் இரக்கத்துக்கு இருக்கும் இடமோ நம்மில் பலர் எண்ணுவதைவிடப் பெரிது. கழுவ வேண்டியதைக் கழுவும் கையையும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஒருசேர அருள்வானாக!